சொல்லாமலே செய்யும் பிள்ளை

தமிழ் வீடுகளில் வளரும் பிள்ளை மூன்று வயதுக்குள் கற்றுக்கொண்டுவிடும் பழக்கம் ஒன்று உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவது. இதற்காக எந்த வீட்டிலும் சுவரில் அட்டவணை ஒட்டுவதில்லை, பரிசு தருவதில்லை, உட்காரவைத்து அறிவுரை சொல்வதும் இல்லை. ஆனாலும் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிவரும்போதுகூட அந்தப் பிள்ளையின் கால் வாசற்படியில் ஒரு நொடி நின்று, செருப்பை உதறிவிட்டுத்தான் உள்ளே நுழைகிறது. அதே பிள்ளைக்குப் பத்து வயதாகும்போது, "பேக்கை எடுத்து வைடா, புத்தகத்தை எடுடா" என்று மாலைதோறும் தொண்டை வறளக் கத்த வேண்டியிருக்கிறது. பிள்ளையும் அதேதான், வீடும் அதேதான். ஒரு பழக்கம் தானாகப் பிடிபட்டதும் இன்னொன்று இழுபறியாகவே நிற்பதும் எதனால் என்று பார்த்தால், பழக்கங்கள் உருவாகும் விதம் பெரும்பாலும் விளங்கிவிடும்.

செருப்பைக் கழற்றும் இடம் ஒருநாளும் மாறுவதில்லை. தாத்தாவிலிருந்து விருந்தாளி வரை எல்லாரும் அதைச் செய்கிறார்கள். செய்து முடிக்க இரண்டு நொடி போதும். இன்றைக்கு ஒருநாள் விட்டுவிடலாமே என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை, வாசற்படியே நினைவூட்டிவிடுகிறது. வீட்டுப்பாடத்துக்கோ இவற்றில் ஒன்றுகூட அமைவதில்லை. ஒருநாள் ஹாலில், மறுநாள் கட்டிலில். ஒருநாள் ஆறு மணிக்கு, மறுநாள் டிவி தொடர் முடிந்த பிறகு. படிக்கச் சொல்லும் பெரியவர் கையில் செல்போன். செய்து முடிக்க எவ்வளவு நேரமாகும் என்பது யாருக்கும் தெரியாது. இப்படி நாளுக்கொரு விதமாக நடக்கும் வேலை, நாளுக்கொரு சண்டையாகத்தான் நடக்கும்.

ஒரு செயலை ஒரே சூழலில் திரும்பத் திரும்பச் செய்யும்போது மூளை அதை ஒரே கட்டாகக் கட்டி வைத்துக்கொள்கிறது. மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்க்லியா என்ற பகுதிக்கு இதில் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நரம்பியல் அறிஞர் ஆன் கிரேபியலின் குழு, எலிகளைக் கிளை பிரியும் ஒரு பாதையில் ஓடவிட்டு இந்தப் பகுதியைக் கவனித்தது. புதிதாக ஓடியபோது ஓட்டம் முழுவதும் அங்குள்ள செல்கள் சுறுசுறுப்பாக இயங்கின. பாதை பழகிய பிறகு தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் இயக்கம் தெரிந்தது, இடைப்பட்ட நேரத்தில் அடங்கிவிட்டது. தொடங்குவதற்கான அடையாளம் கிடைத்தால் போதும், மீதி தானாக ஓடிவிடும் என்ற நிலைக்கு அந்தச் செயல் வந்துவிட்டது. பிள்ளைகளின் பழக்கத்திலும் பெரியவர்கள் கவலைப்பட வேண்டிய இடம் இந்தத் தொடக்கம்தான். எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்பது உறுதியாகிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

எத்தனை நாளில் பழக்கம் படியும் என்ற கேள்விக்கு 21 நாள் என்ற பதில் ஊரெங்கும் உலவுகிறது. அதன் வேர், மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய ஒரு புத்தகத்தில் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்து எழுதினார். நாளடைவில் 'குறைந்தது' என்ற சொல் உதிர்ந்துபோய், எண் மட்டும் நின்றுவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புதிய செயல் ஒன்று தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று அதில் தெரிந்தது. ஆளுக்கும் செயலுக்கும் தக்கபடி 18 நாளிலிருந்து 254 நாள் வரை அது வேறுபட்டது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போன்ற சின்னச் செயல் சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு நெடுநாள் பிடித்தது. பங்கேற்றவர்கள் பெரியவர்கள். அவர்களுக்கே இவ்வளவு காலம் தேவைப்படும்போது, ஏழு வயதுப் பிள்ளையிடம் மூன்றாம் வாரமே "இன்னும் பழகலையா?" என்று கேட்பது நியாயமாகாது.

அந்த ஆய்வில் வீடுகளுக்கு மிகவும் பயன்படும் செய்தி வேறொன்று. இடையில் ஒருநாள் விட்டுப்போனாலும் பழக்கம் படிவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏற்படவில்லை. காய்ச்சல், திருவிழா, ஊர்ப்பயணம், அத்தை வீட்டுக் கல்யாணம் என்று பிள்ளையின் நாட்கள் குலையத்தான் செய்யும். ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் அதே நேரத்தில் அதே இடத்தில் மறுபடி தொடங்கினால் போதும். "எல்லாம் போச்சு, நீ எங்க உருப்படப்போற" என்ற ஒரு வரிதான் உண்மையில் பழக்கத்தைக் குலைக்கிறது. விட்டுப்போன நாளைவிட அந்தப் பேச்சு பிள்ளையின் மனதில் நெடுநாள் தங்கும்.

புதிய செயலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்றோடு முடிச்சுப் போடுவது நல்ல வழி. பள்ளியிலிருந்து வந்து சீருடையைக் கழற்றியதும் டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் தேய்க்கப் போடும் இடத்துக்குப் போக வேண்டும். இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் மறுநாள் பாடவேளைப்படி பையை அடுக்க வேண்டும். இதற்குப் பின் அது என்று வரிசை உறுதியாகிவிட்டால் கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பழக்கங்களைத் தொடங்கிவைக்கும் ஆசை, புத்தாண்டிலும் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலும் பெற்றோரைப் பிடித்துக்கொள்வதுண்டு. ஒன்று ஊன்றிய பிறகு அடுத்தது என்று போவதே நிலைக்கும்.

சுயகட்டுப்பாடு என்றதும் பலரும் நினைவுகூர்வது மார்ஷ்மெல்லோ சோதனையை. வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் 1960-களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் அதைத் தொடங்கினார். நான்கு வயதை ஒட்டிய பிள்ளைகள் முன்னால் மார்ஷ்மெல்லோ போன்ற ஓர் இனிப்புத் தின்பண்டத்தை வைத்துவிட்டு, பெரியவர் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. நெடுநேரம் காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் தேர்வுகளில் அதிக மதிப்பெண் பெற்றதாக 1990-ல் வந்த கட்டுரை உலகப் புகழ் பெற்றது. காத்திருக்கத் தெரிந்த குழந்தையே வாழ்வில் வெல்லும் என்று அதைச் சுருக்கிச் சொல்லிப் பரப்பினார்கள். மிஷலுக்கு முக்கியமாகப்பட்டது வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு பண்டத்தையே முறைத்துப் பார்த்த பிள்ளைகளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கண்ணைப் பொத்திக்கொண்டவர்களும், திரும்பி உட்கார்ந்தவர்களும், தமக்குத் தாமே பாடிக்கொண்டவர்களும்தான் காத்திருந்தார்கள். தட்டில் இருப்பது நிஜப் பண்டமல்ல, வெறும் படம் என்று நினைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தபோது பொறுமையில்லாத பிள்ளைகளாலும் பொறுத்திருக்க முடிந்தது. ஆகவே மன உறுதி என்பது பிறவியிலேயே அளந்து கொடுக்கப்பட்ட பண்டம் இல்லை. அதில் சொல்லிக்கொடுக்கக்கூடிய உத்திகள் நிறைய இருக்கின்றன.

இந்தச் சோதனையின் தொடர்ச்சியாக ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலெஸ்ட் கிட் நடத்திய ஆய்வைப் பெற்றோரும் ஆசிரியர்களும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். 28 பிள்ளைகளுக்கு முதலில் படம் வரையும் வேலை தரப்பட்டது. "கொஞ்சம் பொறு, இதைவிட நல்ல வண்ணப் பென்சில்கள் கொண்டுவருகிறேன்" என்று பெரியவர் சொல்லிவிட்டுப் போனார். பாதிப் பிள்ளைகளிடம் சொன்னபடியே கொண்டுவந்து கொடுத்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, இல்லாமல் போய்விட்டது என்றார். அதற்குப் பிறகுதான் மார்ஷ்மெல்லோ வைக்கப்பட்டது. சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம்தான். ஏமாந்தவர்கள் அவசரக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. வாக்கு நிற்காத இடத்தில் கைக்குக் கிடைத்ததை உடனே தின்றுவிடுவது புத்திசாலித்தனம். "ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பா பீச்சுக்குப் போலாம் கண்ணு" என்று சொல்லிவிட்டு மூன்று ஞாயிறுகளைத் தள்ளிப்போடும் வீட்டில், பொறுமை என்ற பாடத்தை எந்தப் புத்தகமும் கற்றுக்கொடுக்க முடியாது. முடியாவிட்டால் முதலிலேயே முடியாது என்று சொல்லிவிடலாம். பிள்ளை அன்றைக்கு அழும். ஆனால் அடுத்த முறை சொல்லும் சொல்லை நம்பும்.

2018-ல் டைலர் வாட்ஸும் உடனாய்வாளர்களும் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து மிஷலின் முடிவைச் சோதித்தபோது, காத்திருக்கும் நேரத்துக்கும் பிற்காலப் படிப்புக்கும் இருந்த தொடர்பு பழைய கணக்கில் பாதிதான் இருந்தது. குடும்பத்தின் வருமானம், தாயின் கல்வி போன்றவற்றையும் சேர்த்துப் பார்த்ததும் அதுவும் மிகச் சுருங்கிவிட்டது. இதனால் சுயகட்டுப்பாடு முக்கியமில்லை என்று ஆகிவிடாது. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972, 73-ல் பிறந்த 1,037 பேரைப் பிறப்பிலிருந்தே பின்தொடரும் ஆய்வு ஒன்று இன்றும் நடந்துவருகிறது. மூன்று முதல் பதினொரு வயது வரை சுயகட்டுப்பாடு அதிகம் காட்டியவர்கள் 32 வயதில் உடல்நலத்திலும் பண நிலையிலும் மேலாக இருந்தார்கள், குற்ற வழக்குகளில் சிக்கியதும் குறைவு என்று 2011-ல் அது தெரிவித்தது. குடும்ப வசதியையும் அறிவுத்திறனையும் கணக்கில் எடுத்த பிறகும் இந்த முடிவு நின்றது. சிறு வயதில் கட்டுப்பாடு குறைவாக இருந்து, வளர வளரத் தேறியவர்களின் நிலையும் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. ஒரு தட்டையும் ஒரு பண்டத்தையும் வைத்து நான்கு வயதில் ஜாதகம் கணிக்க முடியாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் வளர்க்கப்படும் கட்டுப்பாடு வாழ்க்கை முழுவதும் துணை வருகிறது.

திட்டமிடுவது, ஆசையை அடக்குவது, பின்விளைவை யோசிப்பது ஆகிய வேலைகளைச் செய்வது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் முன்பகுதி. அது முழு வளர்ச்சி அடைய இருபது வயதைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பள்ளிப் பருவம் முழுவதும் பிள்ளையின் தலைக்குள் இந்தப் பகுதி கட்டுமானத்தில்தான் இருக்கிறது. கட்டடம் எழும்வரை சாரம் கட்டித் தாங்குவதுபோல, வீடும் பள்ளியும் வெளியிலிருந்து தாங்க வேண்டும். செல்போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுக்காமல் படிக்கும்படி சொல்வது, மார்ஷ்மெல்லோவைத் தட்டில் வைத்துவிட்டு முறைத்துப் பார்க்கச் சொல்வது போன்றது. இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். அப்பாவின் போனும் அங்கேதான் கிடக்க வேண்டும். அப்பாவுக்கு விலக்கு என்றால் அந்த விதி ஒரு வாரம்கூட நிற்காது.

தூக்கத்தை ஒழுக்கத்தோடு சேர்த்து யாரும் பேசுவதில்லை. ஆனால் தூக்கம் குறைந்த பிள்ளையிடம் கட்டுப்பாட்டை எதிர்பார்க்கவே முடியாது. 6 முதல் 12 வயது வரை ஒருநாளில் 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. ஏழு மணி வேனுக்கு ஆறு மணிக்கு எழ வேண்டிய நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்பது மணிக்குள் தூங்கியிருக்க வேண்டும். டியூஷன் முடிந்து எட்டரைக்கு வீடு திரும்பும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு எப்படி உதைக்கும் என்பதைப் பெற்றோரே போட்டுப் பார்க்கலாம். காலையில் எரிந்து விழுவதும், வகுப்பில் கவனம் சிதறுவதும், சின்ன ஏமாற்றத்துக்கும் அழுது புரள்வதும் பல வீடுகளில் பிடிவாதம் என்ற பெயர் பெற்ற தூக்கக் குறைவே. ஐந்து முதல் பதினேழு வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓடி விளையாடிய பிள்ளை நேரத்துக்குத் தூங்குகிறது.

சின்னப் பழக்கம் ஒன்றின் வலிமைக்குக் கராச்சியின் குடிசைப் பகுதிகளில் நடந்த ஆய்வு நல்ல சான்று. சோப்பு கொடுத்து, கை கழுவும் பழக்கத்தை வாராவாரம் வீடு தேடிச் சென்று ஊக்குவித்த குடும்பங்களில், மற்றக் குடும்பங்களைவிடப் பதினைந்து வயதுக்கு உட்பட்டோரின் வயிற்றுப்போக்கு 53 சதவீதமும், ஐந்து வயதுக்கு உட்பட்டோரின் நிமோனியா 50 சதவீதமும் குறைந்தன. 2005-ல் லான்செட் இதழில் அது வெளியானது. சோப்பு எட்டாத உயரத்தில் இருக்கும் வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் கை கழுவும் பழக்கம் வராது. ஒரு முக்காலியை வாஷ்பேசின் முன் போட்டுவைப்பது, நூறு முறை சொல்வதைவிட அதிகம் சாதிக்கும்.

பழக்கமும் கட்டுப்பாடும் ஒன்றுசேரும் இடம் வீட்டு வேலை. பிள்ளைகளுக்கு வேலை செய்யப் பிடிக்காது என்ற எண்ணம் தவறானது. ஃபெலிக்ஸ் வார்னெகென், மைக்கேல் டொமாசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனையில், முன்பின் பழகாத ஒருவர் துணி மாட்டும் கிளிப்பைத் தவறவிட்டு எட்டாமல் தவித்தபோது, ஒன்றரை வயதுக் குழந்தைகள் யாரும் கேட்காமலே தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுத்தார்கள். அம்மா பெருக்கும்போது துடைப்பத்தைப் பிடுங்குவதும், மாவு பிசையும்போது ஓர் உருண்டை கேட்டு நிற்பதும் அந்த ஆர்வம்தான். "போய் விளையாடு, நீ வந்தா வேலை ரெட்டிப்பாகுது" என்று அப்போது விரட்டப்படும் பிள்ளை, எட்டு வயதில் கூப்பிட்டால் வராது. வேலை ரெட்டிப்பாவது உண்மைதான். அந்தக் கூடுதல் நேரம்தான் பெற்றோர் அப்போது போட வேண்டிய முதலீடு.

இதைப் பள்ளிக்கூடக் கல்வியாகவே மாற்றியவர் இத்தாலியரான மரியா மாண்டிசோரி. அவருடைய வகுப்பறையில் எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்னால் வருவது அன்றாட வாழ்க்கைப் பயிற்சி. சின்னக் கூஜாவிலிருந்து சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது, பட்டன் போடுவது, மேசை துடைப்பது, செடிக்கு நீர் விடுவது ஆகியவற்றைக் குழந்தையின் கைக்கு அடக்கமான, ஆனால் நிஜமான பொருட்களைக் கொண்டே செய்ய வேண்டும். பீங்கான் தட்டு கீழே விழுந்தால் உடையும். உடையும் என்பது தெரிந்தால்தான் கை கவனமாகப் பிடிக்கும். பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939-ல் சென்னை அடையாறுக்கு ஆசிரியர் பயிற்சி நடத்த வந்த மாண்டிசோரி, இரண்டாம் உலகப் போரால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். இத்தாலி எதிரி நாடாகிவிட்டதால் பிரிட்டிஷ் அரசு அவருடைய நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தியது. அதில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் கழிந்தன. பெரிய குழந்தைகளுக்கான கல்விமுறையை அவர் அங்கேதான் விரிவாக்கினார். இன்று மாண்டிசோரி என்றால் அதிகக் கட்டணப் பள்ளி என்று ஆகிவிட்டது. அந்தக் கூஜாவும் துடைக்கும் துணியும் எல்லா வீட்டுச் சமையலறையிலும் இருக்கின்றன.

ஜப்பானின் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பறையையும் தாழ்வாரத்தையும் மாணவர்களே தினமும் கூட்டித் துடைக்கிறார்கள். மதிய உணவை வெள்ளை அங்கி அணிந்த மாணவர் குழு வகுப்புக்கு எடுத்துவந்து பரிமாறுகிறது. முறை மாறி மாறி எல்லாருக்கும் வருவதால் அதில் அவமானம் எதுவும் இல்லை. இங்கே பள்ளியில் கூட்டும் வேலை என்றாலே சர்ச்சை எழுவதற்குக் காரணம் இருக்கிறது. குறிப்பிட்ட சாதிப் பிள்ளைகளை மட்டும் அல்லது மாணவிகளை மட்டும் அந்த வேலைக்கு ஏவிய கசப்பான அனுபவங்கள் நாட்டில் உண்டு. ஆசிரியர் உட்பட எல்லாருக்கும் முறை வராத வேலை பயிற்சியாகாது, இழிவாகத்தான் முடியும்.

வீட்டிலும் இதே அநீதி நடக்கிறது. பத்து வயதுப் பெண் தம்பிக்குச் சோறு போட்டு, தட்டையும் எடுத்துக் கழுவி வைக்கிறாள். பன்னிரண்டு வயது அண்ணன் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு "தண்ணி" என்கிறான். அவனைக் கெடுப்பது அவனுடைய குணம் அன்று, அந்த டம்ளரை எடுத்துக் கொடுக்கும் கைகள்தான். வேலைக்கோ கல்லூரிக்கோ வெளியூர் போய் அறையெடுத்துத் தங்கும்போது, சாதம் வடிக்கவும் துணி துவைக்கவும் கழிப்பறையைச் சுத்தம் செய்யவும் தெரியாத இளைஞன் படும்பாட்டை ஊரே பார்க்கிறது. பின்னாளில் அவனைக் கட்டிக்கொண்டு வரும் பெண் படும்பாடு வெளியே தெரிவதில்லை. வேலைப் பங்கீட்டில் மகன், மகள் என்ற பேதம் இருக்கக் கூடாது. இதில் சமரசத்துக்கு இடமே இல்லை.

வேலையைக் கைமாற்றுவதற்கு ஒரு படிமுறை உண்டு. முதலில் பெரியவர் செய்ய, பிள்ளை பார்க்கும். பிறகு இருவரும் சேர்ந்து செய்வார்கள். அடுத்து பிள்ளை செய்ய, பெரியவர் பக்கத்தில் நிற்பார். கடைசியில் பெரியவர் அந்த இடத்தை விட்டே போய்விட வேண்டும். பலரால் முடியாதது இந்தக் கடைசிப் படிதான். மகன் மடித்து வைத்த துணியை அவன் கண்ணெதிரிலேயே பிரித்து மறுபடி மடிக்கும் அம்மா, உன் வேலை செல்லாது என்று சொல்லிவிடுகிறார். ஆறேழு வயதில் தன் படுக்கையைச் சுருட்டி வைக்கலாம், கீரை ஆயலாம். எட்டு, ஒன்பது வயதில் பை அடுக்குவது, தட்டு கழுவுவது, கடைக்குப் போய் வருவது. பதினொன்று, பன்னிரண்டில் பெரியவர் துணையோடு அடுப்படி. பதினான்கில் பஸ்ஸில் தனியாகப் போய் வருவது, வங்கிச் செலான் நிரப்புவது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது. வயதுக்கு மீறியதைக் கொடுப்பது இந்தக் கணக்கில் சேராது. பதின்மூன்று வயதுப் பையனிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுப்பது பொறுப்பைக் கொடுப்பது ஆகாது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அதற்காகப் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க முடியும்.

பணத்தைக் கையாளத் தெரிவதும் இப்படிக் கைமாற்ற வேண்டிய திறன்தான். பள்ளிகளில் இருந்த சஞ்சாயிகா சேமிப்புத் திட்டத்தில் ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் கட்டி, சின்னப் பாஸ்புக்கில் எண் ஏறுவதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. இன்று பத்து வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கித் தானே இயக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. எல்லாம் போனிலேயே கட்டப்படும் வீட்டில் பிள்ளையின் கண்ணுக்குப் பணம் தெரிவதே இல்லை. அதனால் வாரத்துக்கு இவ்வளவு என்று கையில் ரொக்கமாகக் கொடுத்து, செலவை ஒரு நோட்டில் எழுதச் சொல்வது முன்பைவிட இப்போது அவசியம். திங்கட்கிழமையே எல்லாவற்றையும் தின்பண்டத்தில் கரைத்துவிட்டால் அடுத்த வாரம் வரை கொடுக்கக் கூடாது. ஐம்பது ரூபாயில் கற்றுக்கொள்ளும் பாடத்தை, வேலைக்குப் போன பிறகு கிரெடிட் கார்டில் கற்றுக்கொண்டால் விலை அதிகம்.

"தட்டு கழுவினால் பத்து ரூபாய்" என்ற பேரம் உடனடியாகப் பலன் தரும், நாளடைவில் கெடுத்துவிடும். மார்க் லெப்பரும் உடனாய்வாளர்களும் 1973-ல் வெளியிட்ட சோதனையில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள சிறு குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி, அப்படியே தரப்பட்டது. சில நாள் கழித்து வகுப்பறையில் வண்ணப் பேனாக்களைச் சும்மா போட்டுவைத்தபோது, பரிசுக்காக வரைந்தவர்கள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதிதான் வரைந்தார்கள். விளையாட்டாக இருந்தது கூலி வேலையாக மாறிவிட்டது. பிள்ளை வெறுக்கும் வேலையைத் தொடங்கிவைக்கச் சின்னப் பரிசு உதவலாம். பிடித்துச் செய்வதற்கும், வீட்டில் ஒருவராகச் செய்ய வேண்டியதற்கும் கூலி பேசக் கூடாது.

பாராட்டிலும் கவனம் வேண்டும். கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், புதிர்களைத் தீர்த்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை 'புத்திசாலி' என்றும் சிலரை 'நன்றாக முயன்றாய்' என்றும் பாராட்டினார்கள். புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெயர் போய்விடாதபடி எளிதான புதிர்களையே அடுத்துத் தேர்ந்தெடுத்தார்கள், தோற்றதும் சீக்கிரம் சோர்ந்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் கடினமானதைக் கேட்டு வாங்கினார்கள். 'சூப்பர்' என்ற ஒற்றைச் சொல்லைவிட, "அந்தக் கணக்கை மூணு தடவை அழிச்சு அழிச்சுப் போட்டியே, பார்த்தேன்" என்பது பிள்ளைக்கு அதிகம் சொல்கிறது.

அடித்து வளர்த்தால்தான் ஒழுக்கம் வரும் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. அடி அந்த நேரத்துக்குக் கையை நிறுத்தும். அடிப்பவர் இல்லாத இடத்தில் எப்படி நடப்பது என்பதை அது சொல்லித்தருவதில்லை, அகப்படாமல் செய்வதைத்தான் சொல்லித்தருகிறது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு பள்ளிகளில் உடலைத் தண்டிப்பதையும் மனதைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960-களில் பெற்றோரை ஆராய்ந்து, அதட்டி ஆள்பவர், எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுப்பவர் என்ற இரு வகைக்கும் நடுவே மூன்றாவது வகை ஒன்றைக் கண்டார். இவர்கள் விதியில் உறுதியாக நிற்பார்கள், அதன் காரணத்தைச் சொல்வார்கள், பிள்ளையின் பேச்சையும் காது கொடுத்துக் கேட்பார்கள். இவர்களிடம் வளர்ந்த பிள்ளைகளே தன்னம்பிக்கையிலும் பொறுப்பிலும் முன்னே நின்றார்கள். இப்படிப்பட்ட வீட்டில் தண்டனைக்குப் பதிலாகப் பின்விளைவு இருக்கும். நோட்டை மறந்துவிட்டுப் போன பிள்ளைக்காக அப்பா பள்ளி வாசலுக்குப் பைக்கில் பறக்க மாட்டார். ஒருநாள் ஆசிரியர் முன் நின்று "மறந்துட்டேன் மிஸ்" என்று சொல்ல வேண்டி வரட்டும். மறுநாள் பை இரவிலேயே அடுக்கப்பட்டிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தை வகுத்தது. தன்னை அறிதல், பிறர் நிலையிலிருந்து பார்த்தல், முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், தெளிவாகப் பேசுதல், உறவு பேணல், ஆழ்ந்தும் புதிதாகவும் சிந்தித்தல், உணர்ச்சிகளையும் மன அழுத்தத்தையும் சமாளித்தல் என்று அது நீள்கிறது. பாடத்திட்டத்தில் சேர்த்துத் தேர்வு வைத்தால் பத்தும் மனப்பாடப் பகுதியாகிவிடும். இவற்றைக் கற்கும் இடம் அன்றாடம்தான். வழி தெரியாமல் நிற்கும்போது கண்டக்டரிடம் கேட்பது முதல் பாடம். கடைக்காரர் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தால் பணிவாக எடுத்துச் சொல்வது இரண்டாவது. நண்பனோடு சண்டை போட்டால், பெரியவர் குறுக்கே புகுந்து தீர்ப்புச் சொல்லாமல் இருவரையும் பேசவிட வேண்டும். அப்பாவே "நேத்து கோவத்துல கத்திட்டேன்டா, தப்புதான்" என்று சொன்னால், மன்னிப்புக் கேட்பதைப் பிள்ளை அங்கே கற்கிறது. வேண்டாம் என்று சொல்வதும் ஒரு திறன். பெரியவர்கள் எது சொன்னாலும் கேட்க வேண்டும் என்று மட்டும் வளர்க்கப்பட்ட பிள்ளை, தவறாகத் தொடும் பெரியவரிடமும் வாய் திறக்காது. உடலைத் தொட யாருக்கு எப்போது அனுமதி உண்டு என்பதையும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் ஒவ்வொரு பிள்ளையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

எல்லாக் குறையையும் பழக்கத்தின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை முதல் பாடவேளையில் அடங்கி உட்காராது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தமிழக அரசு 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும். ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் நடுவே படிக்கும் பிள்ளைக்கு 'படிக்கும் இடம்' என்பது வீட்டால் கொடுக்க முடியாத ஒன்று. அங்கே பள்ளியோ ஊர் நூலகமோ மாலையில் கதவைத் திறந்துவைக்க வேண்டும். கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளையும் காது சரியாகக் கேட்காத பிள்ளையும் கவனமில்லாதவர்கள் என்று திட்டு வாங்கிக்கொண்டே ஆண்டுகளைக் கழிப்பதுண்டு. வீடு, பள்ளி இரண்டிலும் மாதக்கணக்கில் ஓரிடத்தில் இருக்க முடியாமலும், எடுத்த எதையும் முடிக்க முடியாமலும் திணறும் பிள்ளைக்குக் கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு இருக்கலாம். அதற்குச் சிகிச்சையும் பயிற்சியும் உண்டு. வாசிப்பதில் தடுமாற்றம் தரும் டிஸ்லெக்சியாவுக்கும் பயிற்சி உண்டு. நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று ஒடுங்கிப்போனாலோ, படுக்கையை நனைக்கத் தொடங்கினாலோ, பள்ளிக்குப் போக அஞ்சினாலோ, அட்டவணையும் கண்டிப்பும் காத்திருக்கட்டும். அந்தப் பிள்ளையிடம் முதலில் உட்கார்ந்து பேச வேண்டும், தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.